5 மா நிலம், 1,000 கிலோ நெல், மேட்டூர் தண்ணீர்: பலரும் சறுக்கும் 3 கணக்குகள்... படிப்படியாக விடை இதோ!

மன்னார்குடி பக்கம் பிள்ளைகளுக்கு கணக்கு சொல்லித் தர உக்காந்தா, "இதெல்லாம் வாழ்க்கையில எங்க வரப்போகுது?"ன்னு கேள்வி வரும். வீட்டு வாசல்லயே வருது என்பதுதான் பதில். அளவு மாற்றம், சதவீதம், குழாய்-தொட்டி... மூன்றுமே டெல்டாவில் நடக்கும் கணக்குதான். ஒவ்வொன்றிலும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கு. அது எங்கேன்னு பார்க்கலாம்.

1) அளவு மாற்றம்: 5 மா எத்தனை ஏக்கர்?

டெல்டாவில் பரவலாகப் புழங்கும் கணக்குப்படி 144 சதுர அடி ஒரு குழி, 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. பழைய தமிழ் பின்னக் கணக்கில் 'மா' என்றாலே 1/20 தான்.

படி 1: 1 மா = 100 × 144 = 14,400 சதுர அடி
படி 2: 5 மா = 5 × 14,400 = 72,000 சதுர அடி
படி 3: 1 ஏக்கர் = 43,560 சதுர அடி. எனவே 72,000 ÷ 43,560 = சுமார் 1.65 ஏக்கர்

சறுக்கும் இடம்: "3 மா ஒரு ஏக்கர்"னு வாய்க்கணக்கா 5-ஐ 3-ஆல் வகுப்பது. அப்படிப் போட்டா 72,600 சதுர அடி வரும். நிலம் வாங்குறவர், இல்லாத 600 சதுர அடிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும்! குழி அளவு ஊருக்கு ஊர் மாறலாம். அதனால பட்டாவில் உள்ள ஹெக்டேர் கணக்கையும் பார்த்துக்கோங்க. 5 மா என்பது சுமார் 0.669 ஹெக்டேர்.

2) சதவீதம்: காய்ந்த நெல் எத்தனை கிலோ?

கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதத்துக்கு வழக்கமான வரம்பு 17%. மழைக்காலத்தில் தமிழக அரசு தளர்வு கேட்பதும் இதுக்குத்தான். 22% ஈரம் உள்ள 1,000 கிலோ நெல்லை 17% வரை காயவைத்தால் எடை என்ன?

"5% குறையுது, அப்போ 950 கிலோ" என்பதுதான் பலரும் சொல்லும் பதில். அது தப்பு.

படி 1: 1,000 கிலோவில் தண்ணீர் 220 கிலோ, மீதி 780 கிலோ. இந்த 780 காய்ந்தாலும் மாறாது.
படி 2: ஈரம் 17% ஆகும்போது, இந்த 780 கிலோதான் மொத்த எடையில் 83%.
படி 3: 780 ÷ 83 × 100 = சுமார் 940 கிலோ

குறைவது 50 கிலோ இல்லை, 60 கிலோ. 22% என்பது பழைய எடையில், 17% என்பது புதிய எடையில். இரண்டையும் நேரடியாகக் கழிச்சதுதான் சறுக்கல்.

3) குழாய்-தொட்டி: அணைத் தண்ணீர் எத்தனை நாள் வரும்?

மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணை, வெண்ணாறு, பாமணியாறு வழியாக மன்னார்குடி வயல்களுக்கு வருது. அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. உதாரணத்துக்கு, இருப்பு 60 டிஎம்சி, வினாடிக்கு நீர்வரத்து 6,000 கன அடி, திறப்பு 16,000 கன அடின்னு வைப்போம்.

படி 1: வினாடிக்குக் குறைவது 16,000 − 6,000 = 10,000 கன அடி
படி 2: ஒரு நாளில் 86,400 வினாடி. எனவே 10,000 × 86,400 = 86.4 கோடி கன அடி
படி 3: 1 டிஎம்சி = 100 கோடி கன அடி. ஆக, ஒரு நாளைக்கு 0.864 டிஎம்சி
படி 4: 60 ÷ 0.864 = சுமார் 69 நாள்

இங்கே சறுக்குவது படி 2-ல். வினாடிக் கணக்கை நாள் கணக்காக மாத்த மறந்துடுவாங்க. அணையைக் கடைசிச் சொட்டு வரை வடிக்கவும் முடியாது என்பதால், உண்மையில் இன்னும் குறைவான நாள்தான். குறுவைப் பயிருக்கோ 100 நாளுக்கு மேல் தேவை. டிவியில் ஓடும் 'கன அடி' செய்தியை விவசாயிகள் உன்னிப்பா பார்க்கும் காரணம் இப்போ புரிஞ்சிருக்கும்.

பரீட்சைக்கு ஒரு டிப்ஸ்: ஒவ்வொரு வரியிலும் அலகை எழுதுங்க. கிலோவா, கன அடியா, வினாடியா, நாளான்னு எழுதினாலே பாதி தப்பு அங்கேயே மாட்டிக்கும். கடைசி விடை தவறினாலும், சரியா எழுதின படிகளுக்கு மார்க் உண்டு.