ஹோம் நர்ஸ் மேல் புகார்: யாரிடம் போவது?

போன வருஷம் மதுரை வீட்டில், படுக்கையில் இருந்த அப்பாவைப் பார்த்துக்க ஏஜென்சி மூலமா ஒரு 'ஹோம் நர்ஸ்' வந்தார். ஒரு நாள் அப்பா கையில் கன்றிப்போன தடம். கேட்டதும் ஏஜென்சி ஆளை மாற்றியது, அவ்வளவுதான். அவர் இப்போ வேற யார் வீட்டிலோ. லைசென்ஸ் பறிபோகாதா என்று தேடினேன்.

1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்த நம் மாநில நர்சிங் கவுன்சில், நடத்தைக் குற்றம் நிரூபணமானால் பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கலாம். ஆனால் அது ஏஎன்எம், ஜிஎன்எம், பிஎஸ்சி என்று முறையாகப் படித்துப் பதிந்தவர்களுக்கு மட்டும். எங்க வீட்டுக்கு வந்தவர் எதிலும் பதியாதவர். இல்லாத பெயரை எப்படி நீக்குவது?

அமெரிக்காவில் 1987-இல் வந்த சட்டம், நர்ஸ் உதவியாளர்களுக்கும் மாநிலம்தோறும் பதிவேடு வைக்கச் சொன்னது. முதியவரைத் துன்புறுத்தியது உறுதியானால் அதில் ஏறிவிடும்; முதியோர் இல்லங்கள் அதைப் பார்த்த பிறகுதான் வேலைக்கு எடுக்கணும். நம்மிடம் அப்படியொரு பட்டியல் இல்லை.

அதனால் ஆள் வைக்கும் முன் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்க. இல்லையென்றால் வருபவர் நர்ஸ் அல்ல, உதவியாளர். தப்பு நடந்தால் கவுன்சில் வராது. காவல் நிலையமும் முதியோர் உதவி எண் 14567-உம்தான் வழி. நான் அன்றைக்கு ஏஜென்சியோடு நிறுத்திக்கொண்டேன். அது தப்பு.