பனிக்குள் உறங்கும் நெருப்பு

நெருப்பும் பனியும் ஒன்றுக்கொன்று பகை என்று நாம் சிறுவயது முதல் எண்ணியிருக்கிறோம். ஆனால் தீக்குச்சியைக் காட்டியவுடன் பற்றிக்கொண்டு எரியும் பனிக்கட்டியும் இவ்வுலகில் உண்டு. எரிந்து முடிந்தபின் அவ்விடத்தில் மிஞ்சுவது தண்ணீரே! இயற்கை வாயு ஹைட்ரேட் என்பது அதன் பெயர். வடதுருவத்தை அடுத்த அலாஸ்கா, கனடா, சைபீரியா ஆகிய பகுதிகளில் அது நிலத்தின் ஆழத்தில் மறைந்து கிடக்கிறது. அது அங்கே எவ்வாறு உண்டாயிற்று என்பதைக் காண்போம்.

கூண்டும் பறவையும்

நீரோடு மீத்தேன் வாயு மிகுதியாகக் கலந்து, குளிர்ச்சியும் அழுத்தமும் சேர்ந்திருக்குமானால், நீர் மூலக்கூறுகள் கூண்டு வடிவில் இணைகின்றன. 46 நீர் மூலக்கூறுகள் சேர்ந்து 8 கூண்டுகளைக் கட்டுகின்றன. கூண்டுக்கு ஒரு பறவை என்பதுபோல், ஒவ்வொன்றிலும் ஒரு மீத்தேன் மூலக்கூறு அடைபடுகிறது. பறவை இருந்தால்தான் கூண்டும் நிலைக்கும். ஒரு கன மீட்டர் ஹைட்ரேட் உருகினால் ஏறக்குறைய 160 கன மீட்டர் வாயு வெளிப்படும்.

ஆங்கில விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, குளோரின் வாயுவும் நீரும் சேர்ந்த இத்தகைய பொருளைப் பற்றி 1811-இல் எழுதினார். இயற்கையே இதை நிலத்தடியில் செய்து வைத்திருக்கிறது என்பது 1960-களில்தான், சைபீரியாவில் நடந்த ஆய்வுகளால் தெளிவாயிற்று. 1972-இல் அலாஸ்காவில் ஆழ்துளையிட்டு, அதன் மாதிரியையே மேலே கொண்டுவந்தனர்.

முதலில் வாயு, பின்னர் குளிர்

இந்த வாயு எங்கிருந்து வந்தது? பல கோடி ஆண்டுகளுக்கு முன் மடிந்த நுண்ணுயிர்களும் தாவரங்களும் சேற்றோடு புதைந்தன. அவற்றின்மேல் மண் படிந்துகொண்டே போக, அவை பூமியின் ஆழத்திற்குச் சென்று, அங்குள்ள வெப்பத்தால் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறின. ஆழம் குறைந்த இடங்களிலோ, பாக்டீரியாக்களே மீத்தேனை உண்டாக்கின. இலேசான வாயு பாறைப் பிளவுகளின் வழியே மேலேறி, மணற்பாறைகளின் நுண்துளைகளில் தங்கியது.

பின்னர் பனியுகங்கள் வந்தன. கடந்த 25 இலட்சம் ஆண்டுகளில் துருவநாடுகளின் நிலம் பன்முறை கடுங்குளிருக்கு உள்ளாயிற்று. இவ்வாறு ஆண்டு முழுவதும் உருகாமல் கிடக்கும் மண்ணை நிரந்தர உறைநிலம் என்கிறோம். கனடாவின் மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்திலுள்ள மாலிக் என்னுமிடத்தில் இது சுமார் 600 மீட்டர் ஆழம்வரை உள்ளது. நிலம் குளிர்ந்தபோது, முன்னரே அங்கு தங்கியிருந்த வாயு, அருகிலிருந்த நீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாக இறுகியது.

ஒரு விந்தையைக் கவனியுங்கள். மாலிக்கில் ஹைட்ரேட் கிடைப்பது உறைந்த மண்ணில் அன்று; அதற்கும் கீழே, சுமார் 900 முதல் 1100 மீட்டர் ஆழத்தில்! அங்கே வெப்பநிலை 0 டிகிரிக்கு மேல். சாதாரணப் பனிக்கட்டி அங்கே உருகிவிடும். ஆனால் அழுத்தம் மிகுதியாதலால் ஹைட்ரேட் உருகுவதில்லை. 0 டிகிரியில் அது நிலைக்க, நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் 26 மடங்கு அழுத்தம் போதும்; வெப்பம் கூடக்கூட அழுத்தமும் கூடவேண்டும். மேலேயுள்ள உறைநிலம் கீழுள்ள பாறைகளை அதிகம் சூடேறாமல் காக்கிறது. ஆக வாயு, நீர், குளிர்ச்சி, அழுத்தம் ஆகிய நான்கில் ஒன்று குறைந்தாலும் இப்பொருள் இல்லை.

வரமா, சாபமா?

இதிலிருந்து எரிபொருள் எடுக்கலாமா என்று பல நாடுகள் ஆராய்கின்றன. 2002-இல் மாலிக்கில் நடந்த சோதனையில் கனடா, ஜப்பான் முதலிய நாடுகளுடன் இந்தியாவும் பங்குகொண்டது. கடலடியிலும் ஹைட்ரேட் உண்டு. 2006-இல் நம் கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் கடலடியில் அது கண்டெடுக்கப்பட்டது.

ஆனால் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடேற்றக்கூடியது. பூமி வெப்பமடைந்தால் கூண்டுகள் திறந்துவிடாவா? மிக ஆழத்திலுள்ளவை உடனே உருகா. மேற்பரப்பின் வெப்பம் அங்கே சென்றடையப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகும். சைபீரியாவின் வடகரைக் கடலடியில் உள்ள உறைநிலமே கவலைக்குரியது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது அது உலர்ந்த தரையாக இருந்து உறைந்தது. பின்னர் கடல்நீர் அதை மூடிக்கொண்டது. அன்று முதல் மெல்ல மெல்ல இளகி வருகிறது.

எரிசூளையில் நின்ற மூன்று இளைஞர்கள், நெருப்பையும் பனியையும் குளிரையும் ஒருங்கே ஆண்டவரைப் போற்ற அழைத்ததைத் தானியேல் ஆகமத்தில் வாசிக்கிறோம். அவ்விரண்டையும் ஒரே கட்டியில் இணைத்து, பல இலட்சம் ஆண்டுகளாகக் காத்துவருகிறது படைப்பின் ஒழுங்கு. விளக்கை வீணே எரியவிடாமல் அணைப்பதுபோன்ற சிறு செயலும் அவ்வொழுங்கைப் பேணும் கடமையில் சேரும். தோழியரே, அக்கடமையை நாம் மறவாதிருப்போமாக!