சித்திரக்கதை வீரரைப்பற்றிய சில ஐயங்கள்

சின்ன காஞ்சிபுரத்து வரதராசப் பெருமாள் கோயிற் குளத்தினுள் அத்திமரத்தாலாகிய திருவுருவம் ஒன்று வைக்கப்பெற்றிருப்பதும், அது நாற்பதாண்டுகட்கு ஒருமுறை வெளிக்கொணரப்பெறுவதும் நம்மவர் அறிந்தனவே. 1979-ஆம் ஆண்டில் அவ்வாறு நிகழ்ந்தபோது யாம் சிறுவராயிருந்தோம். கூட்ட நெரிசலில் எம் கையைப் பற்றிச் சென்ற எம் தந்தையார், யாம் அழாதிருத்தற்பொருட்டு, தெருவோரத்தில் பழைய நூல்களைப் பரப்பியிருந்த ஒருவரிடம் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்று வாங்கித் தந்தார். அதன் அட்டையிலே இரும்புக்கை ஒன்று அந்தரத்தில் நின்றது. அக்கைக்குரிய ஆளைக் காணோம். அன்று பெருமாளைக் கண்ட நினைவு எமக்கு மங்கிவிட்டது. அக்கையைக் கண்ட நினைவு மட்டும் மங்கவில்லை.

2019-ஆம் ஆண்டில் அத்திவரதர் மீண்டும் வெளிப்பட்டபோது, யாம் அவ்வூருக்குச் சென்று எம் தமக்கையார் இல்லத்தில் தங்கினோம். அது பட்டுத்தறி ஓசை ஓயாத இல்லம். தமக்கையாரின் பேரன் பன்னிரண்டு வயதினன். அமெரிக்க நாட்டு வீரர் படங்களைத் திரையிற் கண்டு களிப்பவன். யாம் காத்துவைத்திருந்த அப்பழம்புத்தகத்தை அவனுக்குக் கொடுத்தோம். அவன் அதனை ஒரே மூச்சிற் படித்து முடித்துத் தன் தோழனிடமிருந்து வேறு சில மறுபதிப்புக்களையும் இரவல் வாங்கிப் படித்தான். அதன்பின் நான்கு வினாக்களை எம்முன் வைத்தான். அவற்றுட் சிலவற்றிற்கு அன்றே விடை கூறினோம். சிலவற்றை ஆராய்ந்து பின்னர்க் கூறினோம். நம் கல்லூரி மாணவருள்ளும் இவ்வகைக் கதைகளில் ஈடுபாடுடையார் பலராதலின், அவ்விடைகளை ஈண்டுத் தொகுத்து உரைப்பாம்.

முதல் வினா: "இந்த மாயாவி தமிழரா, வெள்ளைக்காரரா?"

இவர் பிறந்த இடம் இலண்டன். 1962-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் 'வேலியண்ட்' என்னும் ஆங்கிலச் சிறுவர் வார இதழ் தோன்றியது. அதன் முதல் இதழிலேயே இவர் கதையும் தொடங்கிற்று. லூயிஸ் கிராண்டேல் என்பது இவர் இயற்பெயர். ஆய்வுக்கூடத்தில் உதவியாளராயிருந்த இவர் ஒரு விபத்திற் கையிழந்து இரும்புக்கை பொருத்தப்பெற்றார். பின்னர் மின்சாரம் இவர்மேற் பாயவே, அக்கை ஒழிய ஏனைய உடல் முழுவதும் கண்ணுக்குப் புலனாகாதாயிற்று. மின்னதிர்ச்சியால் மறைவதும் சிறிது நேரங்கழித்து வெளிப்படுவதும் இவர் இயல்பு.

தமிழ்நாட்டிற்கு இவரைக் கொணர்ந்தது சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நாட்காட்டிக்கும் பேர்பெற்ற அவ்வூர் அச்சுத்தொழிலிலும் தலைசிறந்தது. அங்கிருந்து 1972-ஆம் ஆண்டு சனவரியில் முத்து காமிக்ஸ் என்னும் வெளியீடு புறப்பட்டது. அதன் முதற்கதையே 'இரும்புக்கை மாயாவி'. சௌந்தரபாண்டியன் அவர்கள் அதனைத் தொடங்கினார். முல்லை தங்கராசன் அவர்கள் ஆசிரியராயிருந்தார். 1984-ஆம் ஆண்டில் சௌந்தரபாண்டியன் அவர்களின் மைந்தர் விஜயன் அவர்களை ஆசிரியராகக்கொண்டு லயன் காமிக்ஸ் தோன்றியது. இடையிடையே தளர்ச்சியுற்ற இவ்வெளியீடுகள் 2012-ஆம் ஆண்டிற் புத்துயிர் பெற்றன. 'மாயாவி' என்னும் பெயர் மட்டும் முற்றிலும் நம்முடையது. மூலத்தில் அவர் பெயர் 'எஃகு நகம்' என்னும் பொருளுடையது. அதனை அவ்வாறே பெயர்த்திருந்தால், நம் சிறார் அவரை இத்துணை எளிதில் தம்மவராகக் கொண்டிருப்பரோ என்பது ஐயமே.

இரண்டாம் வினா: "ஒரு புத்தகத்தில் கெட்டவராக இருக்கிறார், இன்னொன்றில் உளவாளியாக நாட்டைக் காக்கிறார். இரண்டில் எது மெய், தாத்தா?"

இரண்டும் மெய். ஆங்கில மூலம் வாரந்தோறும் சில பக்கங்களாக ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. தொடக்கத்தில் கிராண்டேல் தன் ஆற்றலைக் களவிற்கும் அழிவிற்கும் பயன்படுத்தினான். பின்னர் மனந்திருந்தி நிழற்படை என்னும் உளவு நிறுவனத்தில் வீரரானார். இடையில் ஒருகாலத்தில் அமெரிக்க வீரரைப்போலச் சிறப்புடை பூண்டு, பின்னர் அதனைத் துறந்தும் விட்டார். வார இதழில் வந்த தொடரேயன்றி, 1967-ஆம் ஆண்டு முதல் சிறு நூல்களாக வெளிவந்த தனிக்கதைகளும் உள. இவற்றை வெளிவந்த முறையிலன்றிக் கிடைத்த முறையிற் படிப்பவனுக்கு, ஒருவனே இன்று கள்வனாகவும் நாளை காவலனாகவும் தோன்றுதல் இயல்பே.

இத்தொடர்ச்சிச் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 'பிளாஷ்' என்னும் பெயரில் முன்னொருவரும் பின்னொருவருமாக இரு வீரர் இருந்தனர். இருவரும் எவ்வாறு பொருந்துவர் என்னும் இடர்ப்பாட்டிற்கு, 1961-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு கதை, 'இருவரும் வெவ்வேறு உலகத்தினர்' என்று விடை கூறிற்று. அவ்வுலகங்கள் பெருகிப் பெருகிப் படிப்போரை மயக்கவே, 1985-ஆம் ஆண்டில் டி.சி. நிறுவனத்தார் ஒரு பெருங்கதை தொடங்கி, பல உலகங்களை அழித்து ஓருலகமாக்கினர். மார்வெல் நிறுவனத்தின் ஸ்டான் லீ கையாண்ட வழி வேறு. கதையிற் பிழை கண்டு, அது பிழையன்று என்று சாதுரியமாக விளக்கங்காட்டும் அன்பர்க்கு அவர் 'பரிசில்லாப் பரிசு' வழங்கினார். அது பிற்காலத்தில் அஞ்சலில் வந்தது. உறையின்மேல் வாழ்த்து அச்சிட்டிருக்கும். உள்ளே ஒன்றும் இராது!

இதனை விளக்க யாம் அப்பேரனைத் தறியண்டை அழைத்துச்சென்றோம். காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. மூன்று நாடாக்கள் ஓட, நெய்வாரும் துணையாளுமாக இருவர் அமர்ந்து, உடலின் ஊடையையும் கரையின் ஊடையையும் ஒவ்வோர் ஓட்டத்திலும் ஒன்றோடொன்று பின்னுவர். இதுவே கோர்வை எனப்படுவது. ஓரிழை தப்பினும் அவ்விடம் இடைவெளியாகும். பலர் கூடி நெடுநாள் எழுதும் கதையும் அத்தகையதே. முன்னவர் விட்ட இழையைப் பின்னவர் பிடியாவிடின் கரை வேறாகவும் உடல் வேறாகவும் கழன்றுபோம். கூர்த்த படிப்பாளர் கேட்கும் வினாக்கள் அவ்விடைவெளியைக் காட்டும் விரல்களாம். அவற்றைக் குறும்பென்று ஒதுக்குதல் தகாது.

மூன்றாம் வினா: "மாயாவி இருவரா? என் தோழன் சொல்லும் மாயாவிக்கு இரும்புக்கை இல்லையே?"

இவ்வினாவிற்குப் பதிப்புமுறையே விடை. அமெரிக்கராகிய லீ பாக் 1936-ஆம் ஆண்டில் நாளிதழுக்கெனப் படைத்த முகமூடி வீரர் ஒருவர் உளர். மும்பையிலிருந்து 1964 முதல் 1990 வரை நடந்த இந்திரஜால் காமிக்ஸ் அவரை நம் நாடெங்கும் பரப்பியது. தமிழ் வெளியீடுகளில் அவர் வேதாளர் என்று வழங்கப்பெற்றார். பின்னர் தினத்தந்தி நிறுவனத்தின் ராணி காமிக்ஸ் அவரையே மாயாவி என்று வழங்கியது. ஆகவே ஒருவர்க்குப் பெயர் இரண்டு. ஒரு பெயர்க்கு ஆள் இருவர். ஊர்ப்பெயரும் இவ்வாறே மாறிற்று. மூலத்தில் அவ்வீரர் வாழும் காட்டுநாட்டின் பெயர் வங்காளத்தை நினைப்பூட்டுவதாயிருந்தமையின், இந்தியப் பதிப்பில் 'டெங்காலி' என்று மாற்றினர்.

அவர் மூப்படையாமைக்கும் கதையிலேயே விடையுண்டு. தந்தை இறந்தவுடன் மைந்தன் அம்முகமூடியை அணிகின்றான். இருபத்தொரு தலைமுறையாக இது நிகழ்வதால், காட்டுமக்கள் அவரைச் சாவாதவர் என்றே நம்புகின்றனர். எனினும் கதை நிகழும் காலத்து வீரர் 1936-ஆம் ஆண்டு முதல் அவ்விருபத்தோராம் தலைமுறையினரே. 1977-ஆம் ஆண்டில் அவர்க்கு மணம் நிகழ்ந்தது. பின்னர் இரட்டை மக்களும் பிறந்தனர். நம் நாட்காட்டி ஓடும் விரைவில் கதையின் நாட்காட்டி ஓடுவதில்லை என்பதைப் படிப்போர் உடன்பட்டே படிக்கின்றனர்.

நான்காம் வினாவே எம்மைத் தலைகுனியச் செய்தது. புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிய அவன், "இதை எழுதினவர் பெயர் எங்கே?" என்றான். நாற்பதாண்டுகள் அப்புத்தகத்தைப் போற்றிய யாம் ஒருநாளும் அதனைத் தேடியதில்லை.

அக்காலத்து ஆங்கிலச் சிறுவர் இதழ்கள் ஆசிரியர் பெயரையும் ஓவியர் பெயரையும் அச்சிடுவதில்லை. ஓவியர் மூலையில் இட்ட கையொப்பத்தையும் வெண்மை பூசி மறைத்தனர். பெயர் வெளிப்பட்டால் பிற பதிப்பாளர் அவரைக் கவர்ந்து கொள்வர், அவரும் கூலி மிகுதியாகக் கேட்பர் என்பது அவர் அச்சம். மூலத்தில் இல்லாத பெயர் மொழிபெயர்ப்பில் எங்ஙனம் வரும்? 1977-ஆம் ஆண்டில் தொடங்கிய '2000 ஏ.டி.' என்னும் வார இதழே அங்கு அவ்வழக்கத்தை உடைத்தது. பிற்கால ஆர்வலர் ஆய்ந்து கண்டவாறு, மாயாவியின் கதையைத் தொடக்கத்தில் எழுதியவர் கென்னத் புல்மர். தொடர்ந்தவர் டாம் டல்லி. ஒளியும் நிழலும் உயிர்பெற வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானியர்.

இதனினும் வியப்பானது ஒன்றுண்டு. லயன் காமிக்ஸ் வழியாகத் தமிழ்ச் சிறார் உள்ளங்கவர்ந்த ஸ்பைடர் என்னும் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளைப் பெரும்பாலும் எழுதியவர் ஜெர்ரி சீகல். இவரே தம் நண்பர் ஜோ ஷஸ்டரோடு சூப்பர்மேனைப் படைத்தவர். 1938-ஆம் ஆண்டில் வெறும் 130 டாலருக்கு அவ்வீரன்மீதுள்ள உரிமை முழுவதையும் இருவரும் விற்றுவிட்டனர். பதிப்பாளர் பெருஞ்செல்வம் ஈட்ட, படைத்தவர் வறுமையில் உழன்றனர். 1975-ஆம் ஆண்டில் உலகறியப் போராடிய பின்னரே ஆண்டிற்கு 20,000 டாலர் உதவித்தொகையும், இழந்த பெயரும் அவர்க்குக் கிட்டின. பெயர் மறுக்கப்பட்டிருந்த காலத்தில் அவர் எழுதிய கதைகளையே, அவர் பெயரறியாது, நாமும் திண்ணையிலிருந்து படித்து மகிழ்ந்தோம்.

யாம் இவற்றைக் கூறி முடிக்கையில் எம் தமக்கையாரின் கணவர் தறிக்குழியில் அமர்ந்திருந்தார். பேரன் அவரை நோக்கி, "தாத்தா, நீங்கள் நெய்த சேலையில் உங்கள் பெயர் உண்டா?" என்றான். அவர் நகைத்து, "கட்டுகிறவர்களுக்கு என் பெயர் எதற்கடா?" என்று கூறி நாடாவை ஓட்டினார். கடையின் பெயர் பொறித்த பெட்டி ஒன்று அருகிற் கிடந்தது.

அச்சிறுவன் பின்னும் ஒன்றும் கேட்டிலன். எம் பழம்புத்தகத்தின் உள்ளட்டையில், பென்சிலால், புல்மர், டல்லி, பிளாஸ்கோ என்னும் மூன்று பெயர்களையும் எழுதினான். அவற்றின்கீழ், அக்கதையோடு யாதொரு தொடர்புமில்லாத தன் தாத்தாவின் பெயரையும் எழுதிவைத்தான். யாம் தடுத்திலம்.

மாணவ நண்பர்காள்! சித்திரக்கதை படித்தல் பொழுதுபோக்கென்று இகழ்வாரும் உளர். அவரோடு ஈண்டு வழக்காடோம். படிக்குங்கால் வினவுக, இதற்கு முன் என்ன, பின் என்ன, ஏன் மாறிற்று என்று ஆராய்க. அனைத்திற்கும் முன்னதாக, ஆக்கியோன் யாவன் என்று தேடுக. கை மட்டும் புலனாகி ஆள் மறைந்திருத்தல் கதைக்கு அழகாகலாம். உழைத்தோர்க்கு அஃது அழகன்று.