முதல்முறை பந்தயத் தடத்தில் காரோட்டப் போறீங்களா? சிமுலேட்டர் கேம் எவ்வளவு கைகொடுக்கும்?

சிங்கப்பூரில் கார்களுக்கான நிரந்தரப் பந்தயத் தடம் இல்லை. அதனால் ஆர்வலர்கள் பலர் மலேசியாவின் செப்பாங் தடத்துக்குச் செல்கின்றனர். சொந்தக் காரை அங்கு ஓட்டிப் பார்க்கும் நாள்தான் 'டிராக் டே'.

அதற்குமுன் சிமுலேட்டர் கேமில் பழக நினைக்கிறீர்களா? நல்ல யோசனைதான். ஆனால் அதிலும் ஓர் ஆபத்து இருக்கு.

கேம் ஆடியவர் நிஜப் பந்தயத்துக்குப் போனதுண்டா?

உண்டு. பிரிட்டனின் யான் மார்டன்பரோ 2011இல் 'ஜிடி அகாடமி' போட்டியில் வென்று பந்தய ஓட்டுநரானார். 2023இல் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' படம் அவர் கதைதான். ஆனால் கேமிலிருந்து நேராகப் பந்தயத்துக்குப் போகவில்லை. நடுவில் நிஜக் காரில் பயிற்சி பெற்றார்.

கேம் எதற்கு உதவும்?

முக்கியமாக, தடத்தை மனப்பாடம் செய்ய. செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், மொத்தம் 15 திருப்பங்கள். நீண்ட நேர்பாதை முடிந்ததும் முதல் திருப்பம் வலப்பக்கம் சுருண்டுகொண்டே போகும். உடனே அடுத்தது இடப்பக்கம்.

அடுத்து என்ன வரும் என்று முன்பே தெரிந்தால், காரைக் கவனிக்க மூளைக்கு நேரம் கிடைக்கும்.

எப்படிப் பழகலாம்?

• உங்கள் காரைப் போன்ற சாதாரணக் காரைத் தேர்ந்தெடுங்கள். 'அசெட்டோ கோர்சா' கேமின் கணினிப் பதிப்பில் ரசிகர்கள் உருவாக்கிய செப்பாங் தடத்தைச் சேர்த்துக்கொள்ளலாம்.

• ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியும் காட்சிக்கு மாறுங்கள்.

• பாதை காட்டும் வண்ணக்கோட்டை அணைத்துவிடுங்கள். நிஜத்தில் அது இருக்காது.

• தடத்தைவிட்டு விலகாமல் தொடர்ந்து 10 சுற்று ஓட்டிப் பாருங்கள். வேகம் அப்புறம்.

கேம் சொல்லித்தராதது என்ன?

முதலாவது, உடல் உணர்வு. கார் வழுக்கத் தொடங்குவதை நிஜத்தில் இடுப்பும் முதுகும் உணரும். வீட்டு நாற்காலி அசையாது.

அடுத்து, சூடு. தொடர்ந்து வேகமாக ஓட்டினால் பிரேக் திரவம் கொதித்து, மிதி சொதசொதவென உள்ளே போகலாம். அதனால் போகும்முன் திரவத்தை மாற்றிவிடுங்கள். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கைபிரேக்கை இழுக்க வேண்டாம்.

மூன்றாவது, பயம். கேமில் மோதினால் 'ரீஸ்டார்ட்' அழுத்தலாம். அங்கே அது கிடையாது. வழக்கமான வாகனக் காப்புறுதி பந்தயத் தடத்தில் நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

ஆபத்து எங்கே?

தடம் அத்துபடி என்ற துணிச்சலில்தான். பாதை தெரிந்தவருக்குத் தம் காரின் எல்லை தெரிந்திருக்கும் என்று சொல்லமுடியாது. எனவே கேமில் எடுத்த நேரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். அங்கு பிரேக் பிடித்த இடத்துக்கு வெகுமுன்பே இங்கு பிடியுங்கள்.

கொடிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்:

• மஞ்சள்: ஆபத்து. வேகத்தைக் குறையுங்கள், முந்தாதீர்கள்.

• நீலம்: பின்னால் வேகமான கார். வழிவிடுங்கள்.

• சிவப்பு: ஓட்டம் நிறுத்தப்பட்டது. மெதுவாக 'பிட்' பகுதிக்குத் திரும்புங்கள்.

பயிற்றுவிப்பாளர் இருந்தால் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். டிராக் டே போட்டி இல்லை. போன காரிலேயே வீடு திரும்பினால், முதல் நாளுக்கு அதுவே போதும்.