வேற்றுலகத்தின் குழாய் யார் கையில்?

விடுமுறைக் காலம் நெருங்கினாலே, பூமியில் இப்படியும் இடங்களா என்று வாய்பிளக்க வைக்கும் படத்தொகுப்புகள் வரத் தொடங்கிவிடும். பால் கலந்த நீலத்தில் ஒரு குளம், பஞ்சுப் பொதியாக ஒரு மலைச்சரிவு, பச்சையும் சிவப்புமாய்க் கொதிநீர் கக்கும் ஒரு மேடு. ஒவ்வொன்றின் கீழும் இயற்கையின் அதிசயம் என்றோ மனிதனின் சாதனை என்றோ ஒரு முத்திரை இருக்கும். இந்தப் படங்களில் மிகப் பிரபலமான சிலவற்றுக்கு இரண்டு முத்திரையுமே பொருந்தாது. வேறு ஏதோ ஒரு காரியத்துக்காக நிலத்தடி நீரில் கைவைத்தார்கள்; அதன் பக்கவிளைவாக இவை வந்தன. நீரை மேலே கொண்டுவந்த கை எதுவோ அதை நம்பித்தான் இவற்றின் ஆயுளும் இருக்கிறது.

ஐஸ்லாந்தின் புளூ லகூனையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் அங்கே ஸ்வார்ட்செங்கி புவிவெப்ப நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆழத்திலிருந்து வரும் கொதிநீரில் கடல்நீர் கலந்திருப்பதால் உப்பு மிகுதி, சிலிக்காவும் அதிகம். அதை அப்படியே வீட்டுக் குழாய்களில் விட முடியாது. எனவே வெப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்ச நீரைப் பக்கத்திலிருந்த எரிமலைப் பாறை வெளியில் திறந்துவிட்டார்கள். துளை துளையான பாறைதானே, உறிஞ்சிக்கொள்ளும் என்பது கணக்கு. சிலிக்கா படிந்து துளைகளை அடைத்தது, நீர் தேங்கிவிட்டது. 1980-களில் சொரியாசிஸ் உள்ளவர்கள் இறங்கிக் குளித்து, தோலுக்கு இதமாக இருக்கிறது என்றார்கள். 1987-இல் முறையான குளியலிடமே வந்துவிட்டது. நீலநிறம், நீரில் மிதக்கும் நுண்ணிய சிலிக்கா ஒளியைச் சிதறடிப்பதால் வருவது. ஆலைக் கழிவுநீர் என்றதும் நமக்குச் சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆறுதான் கண்முன் வரும். இதில் சாயமும் இல்லை, அந்த நாற்றமும் இல்லை. ஆனாலும் மின்நிலையத்தின் மிச்சநீர் மிச்சநீர்தான். 2023 இறுதியில் அது இருக்கும் தீபகற்பத்தில் எரிமலை வெடிக்கத் தொடங்கியபோது குளமும் நிலையமும் சேர்ந்தே ஆபத்தில் நின்றன.

அமெரிக்காவின் நெவாடாவில் உள்ள ஃபிளை கெய்சர் இன்னும் அப்பட்டமான கதை. 1964-இல் புவிவெப்ப ஆற்றல் கிடைக்குமா என்று அங்கே ஆழ்துளை போட்டார்கள். வந்த நீரின் வெப்பம் போதவில்லை. துளையை மூடிவிட்டுப் போனார்கள், மூடி தாங்கவில்லை. கசிந்த கொதிநீரிலிருந்த தாதுக்கள் படிந்து படிந்து மேடாயின, வெப்பத்தைத் தாங்கும் பாசி அதற்கு வண்ணம் பூசியது. பயண இதழ்கள் வேற்றுக்கிரகம் என்று கொண்டாடுவது சரியாக மூடப்படாத ஒரு போர்வெல்லைத்தான். அதே நிலத்தில் பாசனத்துக்காக 1916-ஐ ஒட்டி வெட்டிய பழைய கிணறும் இப்படித்தான் கொதிநீர் கக்கிக்கொண்டிருந்ததாம். புதிய துளை அழுத்தத்தை இழுத்துக்கொண்டதும் பழையது வறண்டது. நிலத்தடி நீர் ஒரே பானையில் இருப்பது. ஒரு பக்கம் ஓட்டை போட்டால் இன்னொரு பக்கம் இறங்கும்.

மெக்சிகோவின் நைக்காவில் இது தலைகீழாக நடந்தது. ஈயம், துத்தநாகம், வெள்ளி எடுக்கும் சுரங்கம் அது. தொடர்ந்து பம்ப் போட்டு நீர்மட்டத்தை இறக்கியதால், 2000-இல் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் ஓர் அறை தொழிலாளர்களுக்குத் தட்டுப்பட்டது. உள்ளே 11 மீட்டருக்கும் நீளமான ஜிப்சம் படிகங்கள், தூண் சாய்ந்த மாதிரி குறுக்கும் நெடுக்குமாய்க் கிடந்தன. கீழே இருக்கும் மாக்மாவின் சூட்டில் தாது நிறைந்த நீர் மாறாத வெப்பத்தில் பல லட்சம் ஆண்டுகள் நின்றதால்தான் இவ்வளவு வளர்த்தி. அறையின் வெப்பம் 58 டிகிரியைத் தொடும், ஈரப்பதமோ நூறை நெருங்கும். வியர்வை காயாது, மூச்சோடு போகும் ஆவி நுரையீரலிலேயே நீராகப் படியும். தனி உடையில்லாமல் பத்து நிமிடம் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாம் பார்த்த படங்கள் எல்லாம் பம்ப் ஓடிய காலத்தில் எடுத்தவை. பம்ப் நின்றதும் நீர் ஏறி அறை மூழ்கியது. படிகங்களுக்கு அது நல்லதே என்பது வேறு விஷயம். வெளிக்காற்று பட்டால் அவை பாழாகும்.

மனிதக் கை படாத இடங்களும் உண்டே, சீனாவின் ஜாங்ஜியாஜியே பாறைத் தூண்கள் போர்வெல்லால் வந்தவையா என்று கேட்கலாம். இல்லைதான். உருவானது இயற்கையாலா என்பதோடு கேள்வி முடிந்துவிடுவதில்லை. துருக்கியின் பாமுக்கலே முழுக்க இயற்கை. வெந்நீரூற்றிலிருந்து கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு வெள்ளைவெளேரென்று அடுக்கடுக்காகப் படிந்த சரிவு. மேலேயே ஹோட்டல்களைக் கட்டினார்கள். ஊற்றுநீர் அவற்றின் நீச்சல்குளங்களுக்குப் போனது. நீர் கிடைக்காத படிகள் நிறம் மங்கின. 1988-இல் பாமுக்கலே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு ஹோட்டல்களை இடித்தார்கள். இப்போது வாய்க்கால் வழியே, நம் ஏரிப்பாசனத்தில் வயல்களுக்கு விடுவதைப் போல, ஒவ்வொரு பகுதிக்கும் முறைவைத்து நீர் விடுகிறார்கள். ஒரே இடத்தில் ஓடிக்கொண்டிருந்தால் பாசி பிடிக்கும், விடாமலே இருந்தால் பொலிவு போகும். பார்க்கப் போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டும்.

சுற்றுலாப் பணம்தானே இவற்றைக் காப்பாற்றுகிறது என்பார்கள். ஹோட்டல்களை இடிக்க வைத்ததில் உலகின் கவனத்துக்குப் பங்கு உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்த ஹோட்டல்களைக் கட்ட வைத்ததும் அதே பணம். இதையெல்லாம் சொன்னால் ரசனை கெட்டுப்போகும் என்ற வாதமும் எனக்குப் புரியவில்லை. நைக்காவின் நீர்க்கணக்கு தெரிந்த பிறகு அந்தப் படிகங்கள் இன்னும் அதிகமாகத்தான் வியக்க வைக்கின்றன.

என் கவலை பொலிவியாவின் உயுனி உப்புவெளியைப் பற்றியது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,600 மீட்டர் உயரத்தில், 10,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு. மழைக்காலத்தில் மெல்லியதாய் நீர் தேங்கி வானத்தை அப்படியே காட்டும் படம் உலகப் பிரசித்தம். அந்த உப்புத்தட்டுக்குக் கீழேயுள்ள உவர்நீரில்தான் மின்கலங்களுக்கான லித்தியம் கரைந்திருக்கிறது. அதை எடுக்கும் வழக்கமான முறை, உவர்நீரைப் பம்ப் போட்டு மேலேற்றிக் குளங்களில் ஆவியாக விடுவது. சுற்றிலும் கீன்வா விதைத்து, லாமா மேய்த்துப் பிழைக்கும் வறண்ட பூமி. லித்தியத்தின் பலன் யாருக்கு என்று பொட்டோசி வட்டாரத்தில் போராட்டங்களே நடந்திருக்கின்றன. எவ்வளவு எடுக்கலாம், எடுத்ததில் எவ்வளவைத் திரும்ப உள்ளே செலுத்த வேண்டும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆவியாக்கும் குளங்களை மட்டும் வெட்டிவிட்டார்கள்.