எலியின் மூளைக்குள் ஒரு டயாலிசிஸ்

தாம்பரம் ஜி.எஸ்.டி. சாலையின் ஹாரன் இரைச்சல் மூளையை என்ன செய்கிறது? இதுபோன்ற ஒரு கேள்விக்குத் தரமணியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில், எலிகளிடம் விடை தேடினார்கள். 100 டெசிபல் இரைச்சலுக்கு ஆளான எலிகளின் மூளையில் டோபமைன், செரட்டோனின் போன்ற நரம்புக் கடத்திகளின் அளவு மாறியது. துளசிச் சாறு அந்த மாற்றத்தைத் தணித்தது என்று 2005இல் வெளியான ஆய்வுக் கட்டுரை கூறியது.

அங்கே அளந்தது, வெளியே எடுத்த மூளைத் திசுவை. நரம்புச் செல்லுக்குள் சேமிப்பில் கிடக்கும் ரசாயனமும், சேதி சொல்ல வெளியே சுரந்ததும் அதில் கலந்துவிடும். சுரந்ததை மட்டும், உயிருள்ள மூளையிலேயே அளக்க உதவுவது மைக்ரோடயாலிசிஸ். ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அர்பன் உங்கர்ஸ்டெட் 1970களில் இதை வளர்த்தெடுத்தார்.

மயக்க மருந்து கொடுத்த எலியின் தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்துவார்கள். மண்டையோட்டுத் தையல்கள் கூடும் 'பிரெக்மா' புள்ளியிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் இடம் குறித்து, துளையிட்டு, அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய குழாயை இறக்குவார்கள். அதன் நுனியில் நுண்துளைச் சவ்வு. உள்ளே, மூளைத் தண்டுவட நீரை ஒத்த உப்புக்கரைசல் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் வீதம் ஓடும். சிறுநீரக டயாலிசிஸில் கழிவு சவ்வைக் கடப்பதுபோல், நரம்புக் கடத்திகள் சவ்வைக் கடந்து கரைசலில் சேரும். 10, 20 நிமிடத்துக்கு ஒருமுறை சேரும் துளிகளை ஹெச்.பி.எல்.சி. கருவி பிரித்து அளக்கும்.

நொடிக்குள் நிகழும் மாற்றம் இதில் சிக்காது. அதற்குத் தலைமுடியைவிட மெல்லிய கார்பன் இழை இருக்கிறது. அதில் மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது டோபமைன் ஆக்சிஜனேற்றமடைந்து தரும் மின்னோட்டத்தை, நொடிக்குப் பத்து முறைகூடப் பதிவு செய்யலாம்.

மயக்க மருந்துக்குப் பின்னால் சட்டமும் உண்டு. திருவான்மியூர் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மாநிலங்களவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அறுவைச் சோதனைகளில் விலங்கு வலி உணராதபடி மயக்க மருந்து தர வேண்டும் என்கிறது அச்சட்டம்.

சிக்கல் என்னவென்றால், அந்த மருந்தும் மூளையில்தான் வேலை செய்கிறது. கீட்டமைன் என்ற மயக்க மருந்து, குளூட்டமேட் என்ற நரம்புக் கடத்தியின் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளை அடைத்துவிடும். குழாய் இறங்கிய காயமும் சற்று நேரம் அளவைக் குழப்பும். அதனால் அளவு நிலைப்படும்வரை காத்திருப்பார்கள். ஒப்பீட்டு எலிகளுக்கும் அதே மருந்தைத் தருவார்கள். சில ஆய்வகங்களில் மயக்கத்தில் குழாயைப் பொருத்திவிட்டு, எலி விழித்து நடமாடும்போதே அளக்கிறார்கள்.

ஆகவே, 'டோபமைன் கூடியது' என்று ஓர் ஆய்வு சொன்னால், எந்த மருந்தின் மயக்கத்தில், எதோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.