டோரேயின் படவிவிலியம்

டோரேயின் படவிவிலியம் என்பது பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே (1832–1883) வரைந்த 200க்கும் மேற்பட்ட படங்களைக் கொண்ட விவிலியப் பதிப்பு ஆகும். இது 1866 ஆம் ஆண்டு பிரான்சின் தூர் நகரில் ஆல்ஃபிரட் மாம் பதிப்பகத்தால் இரு பெருந்தொகுதிகளாக வெளியிடப்பட்டது.

அச்சு முறை

படங்கள் மரச்செதுக்கு முறையில் உருவாக்கப்பட்டன. இம்முறைக்குப் பாக்ஸ் எனப்படும் கடின மரத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு பயன்பட்டது. இம்மரம் மெல்ல வளர்வது, அடிமரமும் சிறியது. எனவே பெரிய படங்களுக்குப் பல துண்டுகள் ஒன்றாக இணைக்கப்பட்டன.

வழக்கமாக ஓவியர் கட்டையின் மீதே வரைவார். வெள்ளையாகத் தோன்றவேண்டிய இடங்களைச் செதுக்குநர் கூரிய உளியால் நீக்குவார். எஞ்சிய மேட்டுப்பகுதியே மையை ஏற்று அச்சில் பதியும். கட்டையில் வரைந்த மூல ஓவியம் இதனால் அழிந்துவிடும். ஆகவே அச்சுத்தாளில் காணப்படுவது ஓவியரின் கற்பனையும் செதுக்குநரின் கைத்திறனும் சேர்ந்த ஆக்கமாகும். பல படங்களின் அடியில் டோரேயின் பெயருடன் எலியோடோர் பிசான் முதலிய செதுக்குநர்களின் பெயர்களும் உள்ளன.

வீடுகளில்

பிரெஞ்சுப் பதிப்பு, கத்தோலிக்கர் பயன்படுத்திய வுல்காத்தா என்னும் இலத்தீன் விவிலியத்தின் மொழிபெயர்ப்பாகும். லண்டனின் கேசல் நிறுவனம் அதே படங்களைச் சீர்திருத்தத் திருச்சபையினருக்குரிய ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்புடன் வெளியிட்டது. இவ்வாறு, வழிபாட்டிடங்களில் படங்களைப் பெரும்பாலும் தவிர்த்த குடும்பங்களின் வீடுகளிலும் நோவா காலத்து வெள்ளம், சட்டப்பலகைகளை உடைக்கும் மோசே போன்ற காட்சிகள் இடம்பெற்றன. ஓவியம் வாங்க வசதியற்றோருக்கு இந்நூலே வீட்டின் கலைக்கூடமாக அமைந்தது. காப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால் இப்படங்கள் இன்றும் பல மொழிகளில் மறுபதிப்பாகின்றன.